கடல்நீர்த் தொட்டியும் மீன்களின் இணக்கமும்

எம் கல்லூரி விலங்கியற் பகுதியார் தம் முன்கூடத்தே பெரியதொரு கடல்நீர்க் கண்ணாடித் தொட்டி அமைக்கக் கருதி, அதன்கண் வளர்த்தற்குரிய மீன்கள் இவையெனத் தத்தம் விருப்பத்தை எழுதித் தருமாறு இவ்வாண்டு மாணாக்கரைக் கேட்டனர். சிங்கமீன் வேண்டுமென்றார் பலர்; கோமாளிமீன் வேண்டுமென்றார் அவரினும் பலர். கடற்குதிரை, பெட்டிமீன், அஞ்சாளை, கிளாத்தி, வண்ணத்துப்பூச்சி மீன் என்பனவும் விடுபடவில்லை. தனித்தனியே நோக்கின் இவற்றுள் அழகில்லாதது ஒன்றுமில்லை. ஆயின் இவையனைத்தையும் ஒரே தொட்டியில் விடுவோமாயின், சில திங்களுக்குள் எஞ்சி நிற்பன மிகச் சிலவேயாம். தனித்தனி நல்லனவாயிருந்தும் ஒருங்கு கூடியவிடத்துத் தீதாய் முடியும் பொருள்கள் உலகில் உள, இம்மீன்களும் அத்தகையனவே. எவற்றை எவற்றோடு சேர்க்கலாம், எவற்றைச் சேர்த்தலாகாது, அதனை அறிதற்குரிய வழி யாது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

தமிழ் பயிலும் எமக்கு இவ்வாராய்ச்சியில் விருப்பம் எழுந்ததற்குக் காரணம் ஒரு சொல்லாகும். 'இனம்' என்னும் சொல் பிறப்பால் ஒத்த கூட்டத்தையும் குறிக்கும். ஒருவன் தேர்ந்து சேரும் கூட்டுறவையும் குறிக்கும். நிலத்தின்கண் இவ்விரு பொருளும் பெரும்பாலும் ஒன்றி நடக்கின்றன. ஆடு ஆட்டோடும், காக்கை காக்கையோடும் சேர்கின்றன. இனம் இனத்தோடு சேரும் என்பது உலகியல் வழக்கு. பவளப்பாறை மீன்களிடத்தோ அவ்விரு பொருளும் பிரிந்து ஒன்றுக்கொன்று மாறாய் நிற்கின்றன. அங்கே பிறப்பால் ஒத்ததே பெரும்பாலும் பகை. பிறப்பால் வேறுபட்டதே பல நேரங்களில் நல்ல துணை. இம்மாறுபாட்டின் காரணத்தை அறிந்தவரே தொட்டிக்கு மீன் தேர்தற்கு உரியவராவர்.

கடலும் தொட்டியும்

கடலின்கண் மீன்களெல்லாம் பகையின்றி வாழ்கின்றன என்று கருதுதல் பொருந்தாது. ஒரு பாறையை அண்டி வாழும் மீன் அப்பாறையைத் தன் ஊராகக் கொண்டு காக்கிறது. வேற்று மீன் அவ்வெல்லைக்குள் புகின் வெகுண்டு துரத்துகிறது. துரத்தப்பட்டது ஓடுகிறது, துரத்தியதும் தன் எல்லை முடியுமிடத்தில் நின்று மீளுகிறது. இவ்வாறு அப்பூசல் சில நொடிகளில் முடிந்துவிடுகிறது. ஆகவே, கடலில் அமைதியைக் காப்பது மீன்களின் நற்குணமன்று. இடையே கிடக்கும் தொலைவேயாம்.

தொட்டியிலோ அத்தொலைவு இல்லை. வென்ற மீனின் எல்லை நான்கு பக்கத்துக் கண்ணாடி வரையும் பரந்துவிடுகிறது. தோற்ற மீன் எங்கு ஓடினும் அவ்வெல்லைக்குள்ளேயே இருக்கிறது. கடலில் சில நொடிகளில் தணியும் சினம் இங்கே பகலெல்லாம் தொடர்கிறது. துரத்தப்படும் மீன் உணவை மறந்து, மூலையில் ஒடுங்கி, துடுப்புக் கிழிந்து, நோய்க்கு இரையாகி மடிகிறது. இதனை நோக்குங்கால் ஓர் உண்மை புலப்படும். கடல் தொலைவினால் செய்து வந்த காவலைத் தொட்டி வைப்பவர் தம் தேர்வினால் செய்தல் வேண்டும். மீனுக்குத் தன் அண்டை அயலைத் தெரிந்துகொள்ளும் உரிமையில்லை. அதனை விட்டுப் போகும் வழியுமில்லை. அவ்விரண்டையும் அதனிடமிருந்து எடுத்துக்கொண்டவர் நாமாதலின், அதன் பொருட்டு முன்னரே எண்ணிப் பார்க்கும் கடமையும் நம்மையே சார்ந்தது.

கடலுயிர்களைக் கண்ணாடிக்குள் வைத்துக் காணும் கலை மிகப் பழைமையானதன்று. இலண்டன் விலங்குக் காட்சிச் சாலையில் மீன்களுக்கெனத் தனி மாளிகை திறக்கப்பட்டது 1853-ஆம் ஆண்டு. அதற்கடுத்த ஆண்டில் பிலிப் ஹென்றி காஸ் என்னும் ஆங்கிலேயர் வெளியிட்ட நூலால் 'அக்குவேரியம்' என்னும் சொல் நாடெங்கும் பரவிற்று. நம் சென்னைக் கடற்கரையிலும் 1909-இல் ஒரு மீன் காட்சிச் சாலை திறக்கப்பட்டுப் பல்லாண்டுகள் மக்கள் கண்டு மகிழுமாறு நடைபெற்றது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அது மூடப்பட்டது.

இனி, எம் கல்லூரியார் கருதிய தொட்டியின் அளவை நோக்குவோம். நீளம் 200 சென்டிமீட்டர், அகலம் 70, உயரம் 70. விளிம்பு வரை நிரப்பின் 980 லிட்டர் நீர் கொள்ளும். கடல்நீரில் லிட்டர் ஒன்றுக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு உண்டாதலின், பாறையும் மணலும் அடைக்கும் இடத்தைக் கழித்து நோக்கினும் 30 கிலோவுக்குக் குறையாத உப்பு அதற்கு வேண்டும். நீரின் எடை மட்டுமே ஒரு டன்னை நெருங்கும். வீடுகளில் வைப்பனவற்றோடு ஒப்பிடின் இது பெருந்தொட்டியே. ஆயினும், ஒரு மீன் கடலில் ஒரு காலைப் பொழுதில் உலவும் பரப்போடு ஒப்பிடின் இஃது ஒரு சிறு குடமேயாம். 'பெரிய தொட்டிதானே, எதனையும் விடலாம்' என்று கூறுவார் இவ்விரண்டாம் ஒப்பீட்டை மறந்தவராவர்.

மீன்களின் இணக்கத்தை அறிதற்கு ஐந்து நோக்குகள் உள. அவை வாய், உணவு, இடம், குணம், வரிசை என்பன. இவற்றை முறையே விரிப்பாம்.

வாய்

முதலில் நோக்கத்தக்கது வாயின் அளவு. ஒரு மீனின் வாய்க்குள் அடங்கும் மற்றொரு மீன் அதற்குத் தோழனன்று, உணவேயாம். இவ்விதிக்கு விலக்கு மிகக் குறைவு. சிங்கமீன் இதற்குத் தக்க சான்று. அது தன் நீண்ட துடுப்புகளை விசிறி போல விரித்து அசையாது மிதக்கும்; எவரோடும் பூசலிடாது. அதன் முதுகிலுள்ள 13 முட்களும் நஞ்சுடையன. இரை அருகே வந்த அளவில் வாயைத் திடீரெனத் திறந்து ஒரே உறிஞ்சலில் விழுங்கிவிடும். தன் உடல் நீளத்தில் ஏறக்குறையப் பாதியளவுள்ள மீனையும் விழுங்க வல்லது. கோமாளிமீனையும் சிங்கமீனையும் ஒருங்கே விரும்பிய நண்பர்கள் இதனை எண்ணிப் பார்ப்பாராக. அங்கே சண்டை நிகழாது. ஒரு நாட் காலையில் கோமாளிமீன் காணப்படாது, அவ்வளவே. களவாய் மீனும் அஞ்சாளையும் இவ்வகையினவே.

வாயை அளக்குங்கால் இன்றைய அளவை நோக்குதல் போதாது. முழு வளர்ச்சி பெற்ற காலத்து அளவையே நோக்குதல் வேண்டும். 'எம்பரர் ஏஞ்சல்' என ஆங்கிலர் வழங்கும் மீனை எடுத்துக்கொள்வோம். குஞ்சாயிருக்குங்கால் அதன் கருநீல உடலில் வெண்ணிற வளையங்கள் ஒன்றனுள் ஒன்றாய் அமைந்திருக்கும். வளர்ந்தபின் அவ்வளையங்கள் முற்றும் மறைந்து, மஞ்சட் கோடுகள் நிறைந்த வேறொரு வடிவம் பெறும். முற்கால அறிஞர் குஞ்சினையும் தாயினையும் வெவ்வேறு மீன்களென்றே கருதி வெவ்வேறு பெயரிட்டனர். விரலளவாய் வந்த அக்குஞ்சு 40 சென்டிமீட்டர் வரை வளரும். கடையில் ஒரு சிறு பையில் அடங்கியது நாளடைவில் தொட்டியின் அகலத்தில் பாதிக்கு மேல் நிரப்பும்.

உணவு

வாய் பெரிதாயினும் உணவு வேறாயின் அச்சமில்லை. ஜப்பான் நாட்டு ஒகினாவாவில் 2002-இல் திறக்கப்பட்ட சூராவுமி மீன் காட்சிச் சாலையில், 7,500 கன மீட்டர் நீர் கொள்ளும் பெருந்தொட்டியொன்று உளது. மீன்களனைத்தினும் பெரிதாகிய திமிங்கிலச் சுறாவும், பெருந்திருக்கைகளும், எண்ணிறந்த சிறு மீன்களும் அதில் ஒருங்கு வாழ்கின்றன. திமிங்கிலச் சுறாவின் உணவு நீரில் மிதக்கும் நுண்ணுயிர்களும் அவை போல்வனவுமே. ஆதலின் அருகே நீந்தும் மீன்கள் அதனைக் கண்டு நடுங்குவதில்லை. உருவம் கண்டு அஞ்சுதலும் உருவம் கண்டு நம்புதலும் ஒருங்கே தவறாம் என்பது இதனால் விளங்கும்.

உணவு பற்றிய இணக்கம் பிறரை உண்ணாமையோடு முடிவதன்று. பிறரோடு சேர்ந்து உண்ணக் கூடுமா என்பதும் நோக்கத்தக்கது. கடற்குதிரைக்குப் பல்லில்லை, இரைப்பையும் இல்லை. உண்டது விரைவிற் கழிந்துவிடுதலால் அது நாள்தோறும் பன்முறை உண்ணுதல் வேண்டும். அதுவோ வாலினால் ஒரு கொடியைப் பற்றிக்கொண்டு, இரை தன் முகத்தருகே வரும்வரை காத்திருக்கும் இயல்புடையது. விரைந்துண்ணும் மீன்கள் பத்து உள்ள தொட்டியில் உணவிட்டால், கடற்குதிரை தலை திருப்புமுன் பந்தி முடிந்துவிடும். ஒருவரும் அதனைக் கடிக்கவில்லை, துரத்தவுமில்லை. எனினும் அது பட்டினியால் இறக்கும். பகையின்றியும் இணக்கமின்மை உண்டு என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா.

வண்ணத்துப்பூச்சி மீன்களுட் சில, உயிருள்ள பவளப் பூச்சிகளையன்றி வேறொன்றும் உண்ணா. அவற்றின் முன் எத்தகைய உணவை இடினும் பாராமுகமாயிருந்து மெலிந்து மடியும். துப்புரவு செய்யும் மீனென ஒன்றுண்டு. பிற மீன்களின் உடலில் ஒட்டியிருக்கும் சிற்றுயிர்களைக் கொத்தித் தின்று பிழைப்பது அது. கடலில் பெரிய மீன்களும் அதன்முன் வந்து வாய் திறந்து நிற்கும். தொட்டியிலோ நோயாளிகள் சிலரேயாதலின் அம்மருத்துவனுக்கு வருவாய் போதாது. பெரும்பாலும் வாடி இறந்துபோம். எனவே எவரோடும் பகையில்லாத அதனையும் யாம் வேண்டா என்கிறோம். தனக்கு வேண்டிய உணவை நம்மால் தர இயலாத உயிரை விருந்தாக அழைத்தல் முறையன்று.

இடம்

மூன்றாவது, ஒவ்வொரு மீனும் தொட்டியின் எப்பகுதியை வேண்டுகின்றது என்பது. சில அடிமணலில் வளைதோண்டி வாழும். சில பாறைப் பொந்துகளில் மறையும். சில நடுநீரில் கூட்டமாய் நிற்கும். சில ஓய்வின்றி நெடுகிலும் நீந்தும். ஒரே பகுதியை வேண்டும் மீன்களைப் பலவாகச் சேர்ப்பின் அப்பகுதி போர்க்களமாகும். மற்றைப் பகுதிகள் வெறுமையாய்க் கிடக்கும். வெவ்வேறு பகுதிகளை வேண்டுவனவற்றைச் சேர்ப்பின், ஒரே தொட்டி பல மாடி வீடு போலாகும்.

உளுவை இனத்துச் சிறு மீன்கள் சில, கொடுக்கைச் சொடுக்கி வெடியோசை எழுப்பும் ஒருவகை இறாலோடு கூடி ஒரே வளையில் வாழ்கின்றன. இறாலுக்குக் கண்பார்வை மிகக் குறைவு. ஆயின் வளை தோண்டுவதில் வல்லது. மீனுக்குத் தோண்டத் தெரியாது. ஆயின் கூர்ந்த பார்வையுடையது. இறால் மணலை வாரிக் கொட்ட வெளிவரும்போதெல்லாம் தன் நீண்ட உணர்கொம்பினால் மீனைத் தொட்டுக்கொண்டேயிருக்கும். இடையூறு வருவதைக் கண்டால் மீன் வாலை அசைக்கும்; அக்குறிப்பை உணர்ந்து இறால் உள்ளே புகும்; மீனும் பின்தொடரும். இனத்தால் இவ்வளவு வேறுபட்ட ஈருயிர்கள் இவ்வளவு நெருங்கி வாழ்வதைக் கண்டு வியவாதார் யார்? ஒன்றனது குறையை மற்றொன்றன் நிறைவு இட்டு நிரப்புவதே இவ்விணக்கத்திற்குக் காரணம்.

இதற்கு மறுதலையாக, சர்ஜன் மீன், அஃதாவது அறுவை மருத்துவன் மீன் எனப் பெயர்பெற்ற வகை, ஓரிடத்தில் தங்காது. அதன் வாலடியில் இருபுறமும் சிறு கத்தி போன்ற முள் உண்டு. அதுபற்றியே அப்பெயர் வந்தது. இந்தியப் பெருங்கடலில் வாழும் இளநீலச் சர்ஜன் மீன் காண்போர் கண்ணைக் கவர்வது. பாசியை மேய்ந்துகொண்டு நெடுந்தொலைவு நீந்துவது அதன் இயல்பு. அதற்கு வேண்டுவது உயரமன்று, நீளமே. 200 சென்டிமீட்டர் நீளத் தொட்டியில் ஒன்று வாழலாம்; இரண்டு வாழ்தல் அரிது.

குணம்

நான்காவது நோக்கே இப்பொருளின் உயிர்நிலை. மேலே 'இனமே பகை' என்றோம். அதன் காரணத்தை இனி ஆராய்வாம். கான்ராட் லோரன்ஸ் என்னும் ஆஸ்திரிய நாட்டு அறிஞர், பவளப்பாறை மீன்களைத் தொட்டியிலும் கடலிலும் கண்டு, 1963-இல் வெளியிட்ட தம் நூலில் அவற்றின் சினத்தைப் பற்றி எழுதினார். பளிச்சிடும் நிறமுடைய மீன்கள் வேற்றினத்தாரைப் பொருட்படுத்தாது, தம் இனத்தாரையே மிகக் கொடுமையாய்த் தாக்குகின்றன என்பது அவர் கண்டது. அந்நிறங்கள் தம் இனத்தார்க்குக் காட்டும் கொடி போல்வன என்றும் அவர் கருதினார். நிறத்தைப் பற்றிய இக்கொள்கையைப் பின்வந்தோர் முழுதும் ஏற்றாரல்லர். எனினும், தன் இனத்தின்மேல் சினம் மிகும் என்பதைத் தொட்டி வைப்போர் அன்றாடம் காண்கின்றனர்.

இதன் காரணம் எளிது. ஒரே இனத்து மீன்கள் ஒரே உணவை நாடுகின்றன. ஒரே அளவான பொந்தில் உறங்குகின்றன. ஒரே துணையை விரும்புகின்றன. ஆதலின் ஒன்றன் வாழ்வுக்கு மற்றொன்றே நேரான போட்டி. மணலுண்ணியும் பாசியுண்ணியும் ஒரே பாறையில் வாழலாம். பாசியுண்ணிகள் இரண்டுக்கு அப்பாறை போதாது. எனவே, வேற்றினமாயினும் வடிவாலும் நிறத்தாலும் உணவாலும் ஒத்த மீன்களைச் சேர்த்தலும் இடர் விளைக்கும். இளநீலச் சர்ஜன் மீன் தன் இனத்தைக் காணின் போரிடுவது போலவே, தன்னை ஒத்த உருவுடைய வேறு சர்ஜன் மீனைக் காணினும் போரிடும்.

இவ்விதிக்கு விலக்கும் உண்டு. அவ்விலக்கின்கண்ணும் ஒரு முறை உண்டு. கோமாளிமீன்கள் எல்லாம் ஆணாகவே தோன்றுகின்றன. ஒரு கூட்டத்தில் மிகப் பெரியது பெண்ணாக மாறுகிறது. அதற்கடுத்தது அதன் துணையாகிறது. பெண் இறப்பின் அத்துணை ஆணே பெண்ணாகிவிடும். ஆகவே, அளவில் வேறுபட்ட இளங்கோமாளிகள் இரண்டைச் சேர்த்து விடின் அவை தாமே இணையாகிவிடும்; மூன்றாவது ஒன்றைச் சேர்ப்பின் அது துன்புறும். ஆந்தியாஸ் என்னும் செம்மஞ்சள் நிறச் சிறு மீன்களுள் இதற்கு நேர்மாறாக எல்லாம் பெண்ணாகத் தோன்றி, மிக வலியது ஆணாகிறது. அவற்றை ஓர் ஆணும் பல பெண்ணுமாக வைத்தல் வேண்டும். ஆண் இரண்டாயின் ஒன்று அழியும்.

உருவத்தில் சிறியன குணத்திலும் மெல்லியன என்று கருதுவாரும் உளர். 'டாம்சல்' என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு இளநங்கை என்பது பொருள். அப்பெயர் பூண்ட நீலக் குறுமீன்கள் விரலளவினவே, விலையும் குறைவு. ஆயின் அவை முதலில் குடிபுகுந்த தொட்டியில் பின்வருவார் எவரும் அமைதியாய் இருக்கவியலாது. பெயரால் நங்கையும் செயலால் மறவனும் ஆகிய இவற்றை விலை மலிவு கருதி வாங்குதல் ஆகாது.

பெட்டிமீனோ இதற்கு மாறானது. நாற்கட்டமான உடலும் சிறு துடுப்பும் உடைய அது மெல்ல நீந்தும், எவரையும் துன்புறுத்தாது. ஆயின் பிறரால் வெருட்டப்பட்டாலும், நோயுற்று நலிந்தாலும், தன் தோலினின்று நஞ்சை நீரில் கலந்துவிடும். கடலில் அந்நஞ்சு பரவி நீர்த்துப்போம். தொட்டியிலோ அதனால் உடனுறை மீன்கள் யாவும் மடிதல் கூடும்; அதுவும் உடன் மடிதலுண்டு. எனவே, கிளாத்தி போலக் கடிப்பன உள்ள தொட்டியில் அதனைச் சேர்ப்பது எல்லார்க்கும் கேடு. சினமுடையாரைப் போலவே அச்சமுடையாரும் கூட்டத்திற்கு இடர் ஆதல் உண்டு என்பது இதனால் பெறப்படும்.

வரிசை

ஐந்தாவது வரிசை. தக்க மீன்களையே தேர்ந்தோமாயினும், முன்பின் அறியாது விடின் பயன் கெடும். முதலில் புகுந்தது தன்னை நிலத்துக்கு உரியவனாகவும், பின்னர் வந்ததை அயலானாகவும் கருதும். ஆதலின் மெல்லியனவற்றை முன்னும், சினமிக்கனவற்றைப் பின்னும் விடுதல் முறை. வலியது கடைசியில் வருமாயின், அது குடியேறியவனாதலின் சிறிது அடங்கி நடக்கும்.

நீரின் இயல்பும் இவ்வரிசையையே வேண்டுகிறது. மீன்கள் செவுளின் வழியாகக் கழிக்கும் அம்மோனியா கொடிய நஞ்சு. பாறையிலும் மணலிலும் வாழும் நுண்ணுயிர்களுள் ஒருவகை அதனை நைட்ரைட்டு ஆக்கும். மற்றொருவகை அதனைத் தீங்கு குறைந்த நைட்ரேட்டு ஆக்கும். புதுத் தொட்டியில் இவ்விருவகை நுண்ணுயிர்களும் பெருகுதற்கு 4 முதல் 6 வாரம் வரை செல்லும். அதுவரை மீன் விடலாகாது. அதன்பின்னும் ஒரே நாளில் பல மீன்களை விடுவோமாயின், அந்நுண்ணுயிர்கள் அவ்வளவு கழிவைத் தாங்கா. சிலவாக, இடைவிட்டு விடுதலே நன்று. நீர் 25 அல்லது 26 டிகிரி வெப்பத்தில் நிலைத்திருத்தலும் வேண்டும்.

புதிதாய் வந்த மீனை ஒரு திங்களுக்குக் குறையாது தனித் தொட்டியில் வைத்து நோய் உண்டோ என்று காணுதலும் இன்றியமையாதது. உடலெங்கும் வெண்புள்ளி தோன்றும் நோய் ஒரு மீனோடு வந்து தொட்டி முழுவதையும் அழிக்க வல்லது. பின்பு அதனைப் பெருந்தொட்டிக்குக் கொணருங்கால், துளையிட்ட பெட்டியொன்றில் இட்டுச் சில நாள் உள்ளே மிதக்கவிடின், பழைய குடிகள் அதனைப் பார்த்துப் பழகும். பாறைகளை இடம் மாற்றி அடுக்குவதும் ஒரு நல்ல உத்தி. பழைய எல்லைகள் அழிந்துபோதலால் எல்லாரும் புதுக்குடிகளாகிறார்கள். யாருக்கும் மூப்புரிமை இல்லை. விளக்கை அணைத்த பின் மாலையில் விடுவதும் நலம்.

எங்கிருந்து பெறுதல்

மீன்களுக்கிடையேயுள்ள இணக்கத்தை மட்டும் கூறி முடிப்போமாயின் பொருள் நிரம்பாது. தொட்டிக்கும் கடலுக்கும் இடையேயும் ஓர் இணக்கம் வேண்டும். விற்பனைக்கு வரும் கடல் அழகு மீன்களுட் பெரும்பாலன கடலினின்று பிடிக்கப்படுவனவே. பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா முதலிய நாடுகளில் சயனைடு நஞ்சைத் தெளித்து மீனை மயக்கிப் பிடிக்கும் தீய வழக்கம் பரவிற்று. அதனால் பவளங்களும் அழிந்தன. நம் நாட்டில் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சூழ்ந்த பகுதி 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் கடற்குதிரை இனமும் பவளமும் 2001-இல் சேர்க்கப்பட்டன. ஆகவே, கடற்குதிரை வேண்டுமென்ற நண்பர்க்கு உணவு பற்றிய தடை ஒன்று, சட்டத்தின் தடை ஒன்று என இரு தடைகள் உள. உயிருள்ள பவளமும் நம் தொட்டிக்கு ஆகாது; பாறையைக் கொண்டே அணி செய்தல் வேண்டும்.

இதற்கு மாற்று வழியும் நம் கரையிலேயே உளது. 1947-இல் தொடங்கப்பெற்ற மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தார், மண்டபத்திலுள்ள தம் கூடத்தில் கோமாளிமீன்களைத் தொட்டியிலேயே முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கச் செய்யும் முறையை வகுத்துள்ளனர். தொட்டியில் பிறந்த குஞ்சு தொட்டி உணவுக்கும் தொட்டி நீருக்கும் பிறப்பிலேயே பழகியது. அதனை வாங்குவதால் கடலில் ஒரு மீனும் குறைவதில்லை. கோமாளிமீன் கடல்தாமரை இன்றியும் தொட்டியில் நலமாய் வாழும் என்பதும் அறியத்தக்கது.

யாம் பரிந்துரைக்கும் குடிகள்

மேற்கூறிய ஐந்து நோக்குகளையும் ஒருங்கு வைத்து, 980 லிட்டர்த் தொட்டிக்கு யாம் பரிந்துரைப்பன வருமாறு:

முதலில், அடிமணலுக்கு உளுவை ஒன்று, அதன் துணையாகிய இறால் ஒன்று.
இரண்டாவது, நடுநீருக்கு ஆந்தியாஸ் ஐந்து. ஆண் 1, பெண் 4.
மூன்றாவது, பாறையோரத்திற்குத் தொட்டியிற் பிறந்த கோமாளிமீன் இணை ஒன்று.
நான்காவது, பாசியை மேய்தற்கு ஒரா மீன் ஒன்று. அதன் முட்கள் நஞ்சுடையனவாதலின் தொட்டிக்குள் கையிடுவோர் விழிப்பாயிருக்க.
ஐந்தாவது, எம்பரர் ஏஞ்சல் குஞ்சு ஒன்று.
ஆறாவதும் கடைசியுமாக, இளநீலச் சர்ஜன் மீன் ஒன்று.

ஆக மீன்கள் 11, இறால் 1. இவ்வாறும் முழுதும் விடப் பல திங்கள் செல்லும். "இவ்வளவு பெரிய தொட்டிக்குப் பதினொரு மீன்களா?" என்று நண்பர் சிலர் வினவக்கூடும். ஆம், ஏனைய இடம் வெற்றிடமன்று. அதுவே மேலே கூறிய தொலைவு. அம்மீன்கள் ஒன்றையொன்று பொறுத்து வாழ்தற்கு நாம் கொடுக்கும் விலை.

சிங்கமீனை விரும்பினார்க்கும் யாம் ஒன்று கூறுவோம். சிங்கமீன் தீயதன்று, அதற்கேற்ற கூட்டமன்று இது. தன் வாய்க்கடங்காத பெரிய மீன்களோடு வேறொரு தொட்டியில் அது நெடுநாள் வாழும். இணக்கமின்மை என்பது ஒரு மீனின் குற்றமன்று. இரண்டு மீன்களை ஆராயாது ஓரிடத்து அடைத்தவருடைய குற்றமேயாம். ஆதலின், தொட்டிக்கு மீன் தெரிவார் முதலில் நோக்க வேண்டுவது அதன் வண்ணத்தையன்று. அதன் வாய் எவ்வளவு, உணவு யாது, இடம் எது, குணம் எத்தகையது, வரவு எப்பொழுது என்னும் ஐந்தனையும் வினவி, விடை தெளிந்த பின்னரே கை நீட்டுதல் வேண்டும். அவ்வாறு தேர்ந்த தொட்டியின் முன் நிற்பார், அழகோடு அச்சமின்றி வாழும் உயிர்களையும் ஒருங்கே காண்பர்.